நன்னூலின் பத்துக் குற்றங்களும் தன்னனுபவக் கட்டுரைப் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

தன்னனுபவக் கட்டுரை என்பது எழுதுவோர் தம் வாழ்வில் கண்டதையும் பட்டதையும் பொருளாகக் கொண்டு, அதன் வழியே பொதுவான ஒன்றை ஆராயும் உரைநடை வடிவமாகும். தமிழ்த்துறைப் பாடத்திட்டங்களில் இவ்வடிவத்தின் வரலாறும் வகைப்பாடும் இடம்பெறும் அளவிற்கு, எழுதக் கற்பிக்கும் முறை இடம்பெறுவதில்லை. மனம் போன போக்கில் எழுதப்படுவது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். தன்னனுபவக் கட்டுரைக்குக் கற்பிக்கத்தக்க நெறி உண்டு என்பதையும், அந்நெறியின் பெரும்பகுதி நன்னூற் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களில் அடங்கியுள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவற்றுள் எட்டினை அப்படியே திருத்தக் கருவிகளாகக் கொள்ளலாம் என்றும், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய இரண்டினை மட்டும் இவ்வடிவத்திற்கேற்ப மறுபடி அளந்து கொள்ள வேண்டும் என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தன்னனுபவக் கட்டுரை, நன்னூல், பத்துக் குற்றம், மரபியல், மாண்டெய்ன், உ.வே.சா., எழுத்துப் பயிற்சி.

1. முன்னுரை

ஆய்வேடு எழுதும் மாணவர்க்கு நாம் முதலில் கற்பிப்பது 'நான்' என்பதை விலக்குதலே. 'ஆய்வாளர் கருதுகிறார்', 'இவ்வியல் விளக்குகிறது', 'எனலாம்' ஆகிய தொடர்கள் அதற்குத் துணை நிற்கின்றன. ஆய்வுரைக்கு இது பொருந்தும். ஆனால் அதே மாணவர் தம் ஊரைப் பற்றியோ, தம் பெற்றோரைப் பற்றியோ, தாம் கற்ற தொழிலைப் பற்றியோ எழுத முற்படும்போது அவரிடம் எஞ்சியிருப்பவை இரண்டு குரல்களே. ஒன்று மேடைக் குரல். எல்லா அனுபவத்தையும் அறவுரையாக மாற்றுவது. மற்றொன்று புலம்பற் குரல். எல்லா அனுபவத்தையும் உணர்ச்சிப் பெயர்களாக மாற்றுவது. இரண்டிலும் நடந்தது என்ன என்பது காணாமற் போகிறது.

இஃது எழுத்துச் சுவை பற்றிய சிக்கல் மட்டுமன்று. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் பலர் நம் வகுப்பறைகளில் உள்ளனர். அவர்தம் வாழ்வு வேறெந்த நூலிலும் பதிவாகாதது. அதனை அவரே எழுதும்போதும் முன்பே அமைந்த தேய்ந்த தொடர்களே அதன்மேல் படியுமாயின், ஒரு தலைமுறையின் சான்று எழுதப்பட்டும் இல்லாததாகிவிடும். ஆகவே இவ்வடிவத்தை முறையாகக் கற்பித்தல் தமிழாசிரியரின் பொறுப்புகளுள் ஒன்றாகிறது.

2. கட்டுரை என்னும் சொல்லும் தன்னனுபவ வடிவும்

'கட்டுரை' என்னும் சொல் தமிழுக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் காண்ட இறுதிகளில் கட்டுரை என்ற பகுதி அமைகிறது. மதுரைக் காண்டத்தில் கட்டுரை காதை என்றே ஒரு காதையும் உள்ளது. ஆயினும் இன்று நாம் அச்சொல்லால் குறிக்கும் உரைநடை வடிவம் அச்சு ஊடகத்தோடு வளர்ந்தது. தொடக்கத்தில் அதனை 'வியாசம்' என்றும் வழங்கினர்.

தன்னையே பொருளாகக் கொண்ட கட்டுரைக்கு ஐரோப்பாவில் முன்னோடியாகக் கருதப்படுபவர் பிரெஞ்சு நாட்டு மிஷேல் தெ மாண்டெய்ன் (1533-1592). போர்தோ நகர நீதிமன்றப் பணியிலிருந்து விலகித் தம் மாளிகைக் கோபுரத்து நூலக அறையில் எழுதத் தொடங்கிய அவர், 1580இல் இரு தொகுதிகளை வெளியிட்டார். தம் எழுத்திற்கு அவர் இட்ட பெயருக்கு முயற்சி, சோதனை, எடையிட்டுப் பார்த்தல் என்னும் பொருள்கள் உண்டு. வடிவத்தின் இயல்பு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது: தெரிந்ததைச் சொல்லும் உரையன்று, தெரியுமா என்று பார்க்கும் உரை.

எழுத்துப் பயிற்சி நோக்கில் மாண்டெய்னின் நூல் மற்றொரு வகையிலும் பயன்படுகிறது. 1588ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் மூன்றாம் தொகுதியைச் சேர்த்ததோடு, முதலிரு தொகுதிகளுக்குள்ளும் மிகுதியான இடைச்சேர்க்கைகளைச் செய்தார். அப்பதிப்பின் படி ஒன்றில் பக்க ஓரங்களில் தம் கையால் மேலும் எழுதிச் சேர்த்தார்; 'போர்தோப் படி' என வழங்கும் அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அவர் மறைவுக்குப் பின் மாரி தெ கூர்னே என்னும் பெண்மணி 1595இல் விரிவான பதிப்பை வெளியிட்டார். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் இம்மூன்று அடுக்குகளையும் தனித்தனி அடையாளமிட்டு அச்சிட்டுள்ளனர். இதனால் ஒரே பத்தியில், வெவ்வேறு காலத்து மாண்டெய்ன்கள் ஒருவர் மேல் ஒருவர் கருத்துரைப்பதை வாசகர் காண முடிகிறது. மனம் போன போக்கில் எழுதியதாகத் தோன்றும் அவ்வுரை, ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கப்பட்ட உரையாகும். தன்னனுபவக் கட்டுரை எழுதக் கற்றல் என்பது பெரிதும் தன் வரைவைத் தானே படிக்கக் கற்றல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. மரபியல் எழுப்பும் வினா

நூலுக்குரிய குற்றங்களைத் தொகுத்துரைக்கும் மரபு தொல்காப்பிய மரபியலிலேயே உள்ளது. அங்குச் சொல்லப்படும் பத்தில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகியவை நன்னூலிலும் காணப்படுகின்றன. நன்னூற் பட்டியலில் இடம்பெறாத மரபியற் குற்றங்களுள் ஒன்று இங்கு நம் கருத்தை ஈர்க்கிறது. அது 'தன்னான் ஒருபொருள் கருதிக் கூறல்' என்பதாகும்.

பிறர்க்கு வழக்கிலும் நூலிலும் காணக் கிடையாத ஒன்றை, தன் கருத்து என்பதையே ஆதாரமாகக் கொண்டு கூறுவது குற்றம் என்று இதற்குப் பொருள் கொண்டால், தன்னனுபவக் கட்டுரை அடிப்படையிலேயே குற்றமுடையதாகத் தோன்றும். ஆய்வுலகம் இவ்வடிவத்தை ஐயத்தோடு நோக்குவதும் இக்காரணம் பற்றியே. இவ்வினாவிற்கு விடை காணாமல் மேற்செல்லுதல் முறையாகாது.

விடை, 'கருதுதல்' என்பதற்கும் 'காணுதல்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் உள்ளது. தன்னனுபவக் கட்டுரையாளர் தம் கருத்தைச் சான்றாகத் தருவதில்லை. தாம் கண்டதைச் சான்றாகத் தருகிறார். சான்று கூறுவோர் எங்கு நின்றார், எவ்வளவு தொலைவிலிருந்து கண்டார், கண்டது எது, ஊகித்தது எது, அவர்க்கு அதில் தன்னலம் உண்டா என்பன போன்ற வினாக்களுக்கு அவர் விடையளிக்கக் கடமைப்பட்டவர். நல்ல தன்னனுபவக் கட்டுரையில் இவ்வினாக்களை எழுதுவோரே தம்மிடம் கேட்டு, விடைகளை உரையிலேயே வைத்துவிடுகிறார். அவ்வாறு வைக்காத கட்டுரைதான் மரபியல் விலக்கிய குற்றத்திற்கு ஆளாகிறது. ஆகவே அந்நூற்பா இவ்வடிவத்தைத் தடுப்பதன்று. அதற்குத் தலையாய நிபந்தனை விதிப்பது என்று கொள்ளலாம்.

4. இரண்டு 'நான்'கள்

தன்மை ஒருமைப் பெயர் இலக்கணத்தில் ஒன்று. தன்னனுபவக் கட்டுரையில் அஃது இருவரைக் குறிக்கிறது. நிகழ்ச்சியில் இருந்த 'நான்' ஒருவர். இன்று எழுதும் 'நான்' மற்றொருவர். முன்னவர்க்குத் தெரியாதது பின்னவர்க்குத் தெரியும். முன்னவர் உணர்ந்தது பின்னவர்க்கு மங்கியிருக்கும். கற்பார் முதலில் பயில வேண்டியது இவ்விருவரையும் பிரித்தறிதலே.

இதற்குத் தமிழில் மிகச் சிறந்த பாடம் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அந்நூலில், 1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சி இடம்பெறுகிறது. கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் ஆசிரியப் பணி ஏற்றிருந்த இளைஞர், முன்சீபாக வந்திருந்த முதலியாரிடம் தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் எனப் பெயர்களை அடுக்குகிறார். கேட்பவர் வியப்படையவில்லை, இவற்றால் என்ன பயன் என்கிறார், பின்னர்ச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவுகிறார். படித்ததில்லை, நூல் கிடைத்தால் படித்துவிட முடியும் என்ற துணிவு மட்டும் இளைஞரிடம் இருக்கிறது.

இதனை எழுதும்போது உ.வே.சா. சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பதிப்பித்துப் புகழ் பெற்ற முதியவர். அந்த இளைஞரின் பெருமிதத்தை எள்ளி நகையாடவோ, 'அன்றே என் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது' என்று முன்கூட்டியே முழங்கவோ அவர்க்கு எளிதாக இயன்றிருக்கும். அவரோ அடுக்கிய நூற்பெயர்களை அடுக்கியபடியே வைக்கிறார். அன்றைய ஏமாற்றத்தை அன்றைய அளவிலேயே வைக்கிறார். 60 ஆண்டுகளுக்குப் பிந்திய அறிவு, நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்ததிலும் வரிசைப்படுத்தியதிலும் செயற்படுகிறதே தவிர, இளைஞரின் வாயில் புகுந்து பேசவில்லை. மாணவர்க்கு இதனை ஒரு விதியாகவே சொல்லலாம்: அன்றைய 'நான்' அன்று அறிந்ததை மட்டுமே அறிய வேண்டும், இன்றைய 'நான்' பேச விரும்பினால் வெளிப்படையாகத் தன் பெயரில் பேச வேண்டும்.

5. எட்டுக் குற்றங்கள்: திருத்தக் கருவியாக

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து, உத்திகள் முப்பத்திரண்டு எனத் தொகுத்துரைக்கிறது. இவை இலக்கண நூல் போன்ற நூல்களைக் கருதிச் சொல்லப்பட்டவை. தன்னனுபவக் கட்டுரைக்கு இவற்றைப் பொருத்துதல் இக்கட்டுரையின் முன்மொழிவாகும். விளக்கத்திற்காக மாணவர் வரைவு போன்ற ஒரு பகுதி இங்கு அமைக்கப்படுகிறது.

'என் அப்பா படிக்காதவர். அவர் பட்ட துன்பங்கள் சொல்லில் அடங்காதவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் கைநாட்டு வைத்தபோது என் நெஞ்சமே வெடித்துவிட்டது. தாங்க முடியாத வேதனையில் துடித்தேன். கல்வியே மனிதனுக்குக் கண் என்பதை அன்று உணர்ந்தேன்.'

இப்பகுதியில் உண்மையின்மை இல்லை; குற்றங்கள் உள்ளன. அவற்றை நன்னூலார் தந்த பெயர்களாலேயே இனங்காணலாம்.

குன்றக் கூறல்: எதற்காக அலுவலகம் சென்றனர், யார் உடனிருந்தனர், எழுதும் மகன் அல்லது மகள் அங்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பன இல்லை. சான்று கூறுவோர் நின்ற இடமே தெரியவில்லை.

மிகைபடக் கூறல்: நெஞ்சம் வெடித்தல், வேதனையில் துடித்தல். நிகழ்ச்சி குன்றிய இடத்தை உணர்ச்சிச் சொல் மிகுந்து நிரப்புகிறது. இவ்விரு குற்றங்களும் பெரும்பாலும் இணைந்தே வருவதை ஆசிரியர்கள் காணலாம்.

கூறியது கூறல்: மூன்றாம் தொடரும் நான்காம் தொடரும் ஒன்றே.

வெற்றெனத் தொடுத்தல்: 'சொல்லில் அடங்காதவை' என்பது சொல்ல முயலாமைக்கு இடப்பட்ட திரை. பொருளின்றித் தொடுக்கப்பட்ட தொடர்.

சென்று தேய்ந்து இறுதல்: கைநாட்டு என்னும் கூர்மையான செய்தியில் ஏறிய உரை, எவரும் எங்கும் சொல்லக்கூடிய பொன்மொழியில் தேய்ந்து முடிகிறது. தன்னனுபவக் கட்டுரையின் இறுதியில் நேரும் மிகப் பொதுவான குற்றம் இதுவே.

நின்று பயனின்மை: இறுதித் தொடர் உண்மையே ஆயினும் இங்கு நிற்பதால் பயனில்லை. அதனை அறிய இந்நிகழ்ச்சி தேவையில்லை.

எஞ்சிய இரண்டில், மயங்க வைத்தல் காலத்தையும் இடத்தையும் குழப்புதலாக வரும். இன்றைய 'நான்' அன்றைய 'நான்' ஆகிய இருவரும் அடையாளமின்றிக் கலப்பதும் இதில் அடங்கும். வழூஉச்சொற் புணர்த்தல் இலக்கண வழுவைக் குறிப்பதாயினும், இவ்வடிவத்தில் அதனைச் சற்று விரித்துப் பேசுவோர்க்குப் பொருந்தாத சொல்லை அவர் வாயில் வைத்தலையும் சேர்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தந்தை 'ஆவணம்' என்று பேசமாட்டார், 'பத்திரம்' என்பார். வட்டார வழக்கைத் திருத்தி எழுதுவது தூய்மையன்று, சான்றை மாற்றுவதாகும்.

இக்குற்றங்களை ஒவ்வொன்றாக நீக்கி அதே பகுதியைத் திருத்தினால் பின்வருமாறு அமையலாம்.

'தாத்தாவின் முக்கால் ஏக்கரை விற்ற அன்று, பத்திர எழுத்தர் அப்பாவின் இடக்கைப் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் அழுத்தினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வழக்கமாகத் தமிழில் போடுகிறவன், அன்று ஆங்கிலத்தில் போட்டேன். பெயரின் கடைசி எழுத்தை நீட்டி அடியில் ஒரு கோடும் இழுத்தேன். விரலில் இருந்த மையைத் துடைக்க அப்பா சுற்றிலும் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். என் கைக்குட்டை சட்டைப் பையில் இருந்தது. அவர் சுவரில் தேய்த்துக்கொண்டார்.'

இரண்டாம் வரைவில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் முதல் வரைவு மறைத்த உண்மை இங்கு வெளிப்பட்டுவிட்டது. முதல் வரைவில் துன்பம் தந்தையின் கல்வியின்மையால் விளைந்தது. இரண்டாம் வரைவில் மகனின் நாணத்தால் விளைந்தது. திருத்தம் நடையை மட்டும் மாற்றவில்லை, பொருளையே மாற்றிவிட்டது. குன்றக் கூறலை நீக்கும் முயற்சியில் 'நான் அங்கு என்ன செய்துகொண்டிருந்தேன்' என்று கேட்க நேர்ந்ததே இதற்குக் காரணம். கைக்குட்டையை ஏன் எடுக்கவில்லை என்பதை உரை விளக்கவில்லை. இது நன்னூல் உத்திகளுள் இறுதியாக வைக்கப்பட்ட 'உய்த்துணர வைப்பு' ஆகும்.

6. மறுபடி அளக்க வேண்டிய இரண்டு

6.1 மாறுகொளக் கூறல்

இலக்கண நூலில் முன்னர்க் கூறியதற்குப் பின்னர்க் கூறியது முரணானால் நூல் பயனற்றதாகும். தன்னனுபவக் கட்டுரையின் பொருளோ மனிதர். மனிதரிடம் முரண் உள்ளது. தாம் நிலைத்த ஒன்றை வரையவில்லை, கடந்து செல்வதையே வரைவதாகக் கழிவிரக்கம் பற்றிய கட்டுரையில் மாண்டெய்ன் விளக்குகிறார். அப்படியாயின் இக்குற்றத்தை எவ்வாறு அளப்பது?

ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதிய, யானையைச் சுட்ட நிகழ்ச்சி பற்றிய கட்டுரை இதற்கு விடை தருகிறது. 1920களில் பர்மாவில் ஆங்கிலேயக் காவல் அதிகாரியாகப் பணியாற்றிய அவர், மௌல்மெய்ன் நகரில் நிகழ்ந்ததாக அதனை அமைக்கிறார். மதங்கொண்ட யானை ஒன்று ஒருவரைக் கொன்றுவிடுகிறது. கொல்லப்பட்டவர் திராவிடக் கூலித் தொழிலாளர் என்று கட்டுரை குறிக்கிறது. அதிகாரி சென்று பார்க்கும்போது யானை அமைதியாக மேய்கிறது. சுட வேண்டிய தேவையில்லை என்று அவர் அறிகிறார். பின்னால் திரண்டு நிற்கும் கூட்டம் எதிர்பார்ப்பதால் சுடுகிறார். பேரரசை வெறுக்கும் ஒருவர், தம்மை ஏளனம் செய்யும் மக்களையும் அதே நேரத்தில் வெறுக்கிறார். அவ்விரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தொழிலாளி இறந்தது தம் செயலுக்குச் சட்ட நியாயம் அளித்ததால் மகிழ்ந்ததாகவும் இறுதியில் சொல்கிறார். முரண்கள் இங்கு எழுதுவோர் அறியாமல் நேர்ந்தவை அல்ல. அவரே கண்டறிந்து முன்வைத்தவை.

ஆகவே மாறுகொளக் கூறலை இவ்வாறு அளக்கலாம்: எழுதியவர் காணாத முரண் குற்றம், எழுதியவர் கண்டு, தாமே அதனைச் சுட்டி நிறுத்திய முரண் கட்டுரையின் பொருள். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் தந்தையிடம் அன்பும் தந்தையால் நாணமும் ஒருங்கே நிற்பது இரண்டாம் வகையினது.

6.2 மற்றொன்று விரித்தல்

எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் விரிதல் எந்நூலுக்கும் குற்றமே. ஆனால் மாண்டெய்ன் தொடங்கி இவ்வடிவத்தின் தலைசிறந்த படைப்புகள் பல, தலைப்பை விட்டு விலகிச் செல்வனவாகவே உள்ளன. வண்டிகள் பற்றிய அவரது கட்டுரை, மூன்றாம் தொகுதியில் உள்ளது. காரணங்களை ஆராய்தல், தும்மல், கடற்பயண மயக்கம் என்று தொடங்குகிறது; போர் வண்டிகளையும் மன்னரின் ஆடம்பரச் செலவுகளையும் உரோமானியக் காட்சி அரங்குகளையும் கடக்கிறது; பின்னர் அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் செய்த கொடுமைகளுக்கு வந்துவிடுகிறது. தலைப்பு மறந்தே போனது என்று வாசகர் எண்ணும் நிலையில், மீண்டும் வண்டிக்கு வருவோம் என்கிறார். அந்நிலத்தில் வண்டி இல்லை. மனிதர் தோள்களிலேயே ஊர்ந்தனர். பெரு நாட்டின் இறுதி மன்னர் பொற்பல்லக்கில் அமர்ந்திருக்க, தூக்குவோரைப் பகைவர் வெட்டி வீழ்த்த வீழ்த்த வேறு சிலர் வந்து தோள் கொடுக்கின்றனர். இறுதியில் குதிரைவீரன் ஒருவன் மன்னரைப் பற்றித் தரையில் இழுத்து வீழ்த்துகிறான். கட்டுரை அங்கு முடிகிறது.

விலகல் வீணாகவில்லை. வண்டி என்னும் எளிய பொருள், யார் யாரைச் சுமக்கிறார் என்னும் வினாவாக மாறித் திரும்பியுள்ளது. இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம்: விலகிய உரை, தொடங்கிய பொருளை மாற்றித் தருமானால் அது விரிவு; மாற்றாமல் விட்டுவிடுமானால் அது மற்றொன்று விரித்தல். மாணவர் தம் வரைவில் ஒரு கிளைச்செய்தியை நீக்கிப் பார்க்கலாம். நீக்கிய பின்னும் முடிவு அப்படியே நிற்குமானால் அக்கிளை குற்றமே.

7. பிறர் பெயரும் வகுப்பறை அறமும்

தன்னைப் பற்றி எழுதுவோர் எவரும் தம்மைப் பற்றி மட்டும் எழுதிவிட முடியாது. பெற்றோர், உடன்பிறந்தார், ஊரார் அவ்வுரைக்குள் வருகின்றனர். அவர் எவரும் அதற்கு இசைவு தந்தவர் அல்லர். தமிழ் மரபில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது, புறத்திணையில் சுட்டலாம். தன்னனுபவக் கட்டுரை அகத்தின் பொருளைப் புறத்தின் வெளிப்படையோடு கூறும் வடிவம். எனவே பெயரிடுதல் ஒவ்வொரு முறையும் எண்ணிச் செய்ய வேண்டிய முடிவாகிறது. பொதுவாழ்வில் செய்ததைப் பெயரோடும், இல்லத்துள் நிகழ்ந்ததைப் பெயரின்றியும் கூறுதல் கற்பார்க்கு நல்ல தொடக்கமாகும்.

ஆசிரியர்க்கும் இதில் கடமை உண்டு. வகுப்பறையில் இவ்வெழுத்தைக் கேட்கும்போது, சாதி இழிவையோ வறுமையையோ குடும்ப வன்முறையையோ கடந்து வந்த மாணவர், அவற்றை வெளியிட்டால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று எண்ண இடமளிக்கலாகாது. மதிப்பீடு துயரத்தின் அளவிற்கன்று. காட்சியின் தெளிவிற்கும் வினாவின் நேர்மைக்கும் உரியது. சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பற்றிய கட்டுரையும் முதல் மதிப்பெண் பெறலாம் என்பதை ஆசிரியர் முன்னரே அறிவித்தல் வேண்டும். எழுதியதை வகுப்பில் வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் மாணவர் விருப்பமாக இருத்தல் வேண்டும்.

8. பயிற்சி முறை

பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் உரைநடை பயின்ற முறையைத் தம் தன்வரலாற்றில் விளக்கியுள்ளார். அடிசனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு தொடரின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் குறிப்புகளைக் கொண்டே கட்டுரையை மீண்டும் எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைக் காண்பார். சில நேரங்களில் குறிப்புகளைக் கலைத்துவிட்டு, மறுபடி ஒழுங்கு செய்யவும் முயல்வார். மூன்றாம் நிலை கற்பிப்பது நன்னூல் கூறும் 'முறையின் வைப்பு' என்னும் அழகையே.

இம்முறையைத் தமிழ் வகுப்பறைக்கு நான்கு படிகளாக அமைக்கலாம். முதற்படியில், உ.வே.சா.வின் 'நினைவு மஞ்சரி' போன்ற தொகுதியிலிருந்து ஒரு கட்டுரையைப் பிராங்க்ளின் முறையில் குறிப்பாக்கி மீள எழுதுதல். இரண்டாம் படியில், தம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை, அரை மணி நேரத்திற்கு மேற்படாத நிகழ்ச்சியாகத் தேர்ந்து, கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுதல். உணர்ச்சிப் பெயர்களையும் முடிபுகளையும் இப்படியில் விலக்குதல். மூன்றாம் படியில், வரைவை ஒரு வாரம் ஒதுக்கி வைத்தபின், எட்டுக் குற்றங்களின் பெயர்களை ஓரத்தில் குறித்துத் தாமே திருத்துதல். உடன் பயில்வோர் ஒருவரும் அவ்வாறே குறித்துத் தருதல். நான்காம் படியில் மட்டும், இன்றைய 'நான்' பேசுவதற்கு இடமளித்தல். முரண்களையும் கிளைச்செய்திகளையும் முன்னர்க் கூறிய அளவுகோல்களால் ஆராய்ந்து நிறுத்துதலோ நீக்குதலோ செய்தல். இரண்டாம் படியையும் நான்காம் படியையும் ஒன்றாக்கிவிடுவதே தொடக்க நிலையில் உரையை அறவுரையாக்குகிறது.

குற்றங்களின் பெயரால் திருத்துவதில் மற்றொரு பயனும் உண்டு. 'இந்தப் பகுதி நன்றாக இல்லை' என்னும் ஆசிரியர் குறிப்பு எழுதியவரைப் புண்படுத்தும், அவருக்கு உதவாது. தன் வாழ்வே மதிப்பிடப்பட்டதாக அவர் உணரவும் கூடும். 'இங்குக் குன்றக் கூறல்' என்னும் குறிப்போ வாழ்வை விட்டு உரையைச் சுட்டுகிறது. செய்ய வேண்டியதையும் கூடவே சொல்லிவிடுகிறது.

9. முடிவுரை

தன்னனுபவக் கட்டுரை கற்பிக்க இயலாத வடிவம் என்பது பொருந்தாது. எழுதுவோர் தம்மைச் சான்றாக நிறுத்தித் தாமே வினவுதல் அதன் அடிப்படை. மரபியல் விலக்கிய 'தன்னான் ஒருபொருள் கருதிக் கூறல்' என்னும் குற்றத்திலிருந்து அவ்வடிவத்தைக் காப்பதும் அதுவே. நிகழ்ச்சியில் இருந்த தன்னையும் எழுதும் தன்னையும் பிரித்தறிதல் அதன் முதற்பாடம். நன்னூலின் பத்துக் குற்றங்களுள் எட்டு, வரைவைத் திருத்த நேரடியாகப் பயன்படுகின்றன. மாறுகொளக் கூறலை, எழுதியவர் அம்முரணைக் கண்டாரா என்பதைக் கொண்டும், மற்றொன்று விரித்தலை, விலகிய உரை தொடங்கிய பொருளை மாற்றித் தந்ததா என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும்.

நன்னூற் பாயிரத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவர் அதே பாயிரத்தைத் தம் வரைவின் ஓரத்தில் எழுதிப் பார்க்கும்போது, இலக்கணம் அவர் கைக்கருவியாகிறது. இளங்கலை நிலையில் பாயிரம் கற்பிக்கும் பருவத்திலேயே இப்பயிற்சியை இணைத்துப் பார்த்தலும், அதில் கிடைக்கும் வரைவுகளின் இரு நிலைகளை ஒப்பிட்டு ஆராய்தலும் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.